வழக்காக வரும் நோய்

(யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமமொன்றில், கமக்காரர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலே சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை இது. அன்பர் பலரின் வேண்டுகோளுக்கிணங்க இங்கு வெளியிடுகின்றோம்.)



இந்த மேடையிலே ஏறும்போதெல்லாம் காணியைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் பேசுவதே என் வழக்கம். இன்றும் அதனையே எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு நோய். ஆங்கில வைத்தியர்கள் ‘ஸ்கிசோபிரீனியா’ என்றும், தமிழிலே உளப்பிளவை என்றும் மனச்சிதைவு என்றும் சொல்லுகின்ற நோய். அதனோடு உறவுடைய ஏனைய உளமாய நோய்களைப் பற்றியும் சில சொல்வேன்.

“வைத்தியர் பேசவேண்டியதைச் சட்டத்தரணி ஏன் பேசுகிறார்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காய்ச்சல் கண்டவன் வைத்தியரிடம் போகிறான். கால் முறிந்தவனும் வைத்தியரிடம் போகிறான். இந்த நோய் கண்டவனோ பெரும்பாலும் தனக்கு நோய் இருக்கிறதென்று அறியான். தனக்கு அநீதி நடக்கிறதென்றே அறிவான். ஆதலால் அவன் பொலிசு நிலையத்துக்குப் போகிறான், கிராம அலுவலரிடம் போகிறான், கோயிலுக்குப் போகிறான், கட்டுக் கடதாசிகளோடு என்போன்றாரிடம் வருகிறான். நோயை முதலிலே காண்பவர்கள் நாங்கள்தாம். கண்டும் அறியாதவர்களும் நாங்கள்தாம். அவ்வாறு அறியாதிருந்தவர்களுள் நானும் ஒருவன் என்பதைச் சொல்லிவிட்டே மேலே செல்லவேண்டும்.

என் மேசைக்கு வந்த கோவை

நான் தொழில் தொடங்கிச் சில ஆண்டுகளே சென்றிருந்த காலம். 26, 27 வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் வந்தார். வெங்காயச் செய்கைக்காரர், நல்ல உழைப்பாளி என்று பெயரெடுத்தவர். அயற்காணிக்காரர் தம் கிணற்றிலே நஞ்சு கலக்கிறார் என்பது அவருடைய முறைப்பாடு. திகதி, நேரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியிலே ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். இப்படியொரு கட்சிக்காரர் கிடைத்தாரே என்று நான் மகிழ்ந்தேன். கிணற்று நீரைப் பரிசோதிப்பிக்கச் சொன்னேன். நஞ்சில்லை என்று அறிக்கை வந்தது. “பரிசோதித்தவனையும் அவன் வாங்கிவிட்டான், ஐயா” என்றார் அவர்.

இரண்டாம் முறை வந்தபோது, “இரவிலே அவனும் மனைவியும் வேலிக்கு அப்பால் நின்று என்னைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் எழும்பினால், ‘எழும்புகிறான்’ என்கிறார்கள். தண்ணீர் குடித்தால், ‘குடிக்கிறான்’ என்கிறார்கள்” என்றார். மூன்றாம் முறை, “நான் மனத்துக்குள்ளே நினைப்பதை அவன் மறுநாள் சந்தையிலே சொல்லித் திரிகிறான்” என்றார். அன்று உடன் வந்திருந்த தாயார் வாசலிலே என்னைத் தனியே அழைத்து, “ஐயா, இவன் நான் சமைத்ததை உண்கிறானில்லை, இரவிலே உறங்குகிறானுமில்லை” என்று கண்கலங்கினார். “வழக்கு முடிந்தால் எல்லாம் சரியாகும், அம்மா” என்று நான் ஆறுதல் சொன்னேன்.

நான் செய்தது அதுமட்டுமன்று. அயலவருக்கு ஒரு கோரிக்கைக் கடிதமும் எழுதி அனுப்பினேன். அதற்குக் கட்டணமும் பெற்றேன். அந்தக் கடிதத்தின் பிரதியைச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு, சட்டமே தன் பக்கம் நிற்கிறதென்று அவர் ஊரெல்லாம் காட்டினாராம். நான்கு மாதம் சென்றது. ஒருநாள் விடியற்காலையிலே தம் வாய்க்காலில் நீர் பாய்ச்சிக்கொண்டு நின்ற அந்த அயலவரை, அவர் மண்வெட்டிப் பிடியினால் அடித்தார். ஒரு பாவமும் அறியாத அந்த மனிதருக்கு ஒரு கண் போயிற்று.

வழக்கு நீதவான் முன் வந்தது. வைத்தியப் பரிசோதனைக்குக் கட்டளை பிறந்தது. உளநல வைத்தியர் தாயாரிடம் கேட்ட முதற் கேள்வி, “இது எப்போது தொடங்கியது?” என்பதே. “இரண்டு வருடமிருக்கும், ஐயா” என்றார் அந்தத் தாய். அன்றிரவு நான் என் கோவையை எடுத்து மறுபடியும் வாசித்தேன். வைத்தியர் எழுதிய அறிக்கையிலே கண்ட குறிகள் அத்தனையும் என் கையெழுத்திலேயே அங்கே இருந்தன. வழக்குக்கு வேண்டியவற்றை எழுதினேனேயன்றி, மனிதனுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

1843ஆம் ஆண்டு இலண்டனிலே

இது எனக்கு மட்டும் நேர்ந்த தவறன்று. சட்டம் படித்தோர் அனைவரும் அறிந்த ஒரு வழக்கு உண்டு. ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மரக்கடைசல் தொழிலாளி டானியல் மக்நாட்டன் என்பவன். ஆளுங்கட்சியினர் தன்னைப் பின்தொடர்கிறார்கள், தன்னை அழிக்கச் சதி செய்கிறார்கள் என்பது அவனுடைய அசையாத நம்பிக்கை. 1843ஆம் ஆண்டு ஜனவரி 20ஆந் திகதி, இலண்டன் வீதியிலே, பிரதம மந்திரி சேர் றொபேட் பீலின் செயலாளரான எட்வேட் டிறமண்ட் என்பாரை அவன் சுட்டான். பிரதம மந்திரி என்று எண்ணியே சுட்டான் என்பர். ஐந்து நாளிலே டிறமண்ட் இறந்தார்.

சித்த சுவாதீனம் இல்லாதவன் என்று யூரிமார் மக்நாட்டனை விடுவித்தனர். அவன் தன் எஞ்சிய நாட்களைப் பைத்தியசாலையிலே கழித்தான். அத்தீர்ப்பினால் எழுந்த கொந்தளிப்பிலே, பிரபுக்கள் சபை கேட்க நீதியரசர்கள் வகுத்துரைத்த விதிகள், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழியாக எங்கள் நாட்டுக்கும் வந்தன. 1883ஆம் ஆண்டின் எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு அதுவே. சித்தக் கலக்கத்தினால் தான் செய்வது இன்னதென்றோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு மாறானது என்றோ அறியமாட்டாதவன் செய்த செயல் குற்றமாகாது என்பது அதன் சாரம்.

சட்ட மாணவர்கள் அந்த விதிகளைப் பாடம் பண்ணுகிறார்கள். ஆனால் வழக்கின் சாட்சியத்திலே வந்த வேறொன்றை யாரும் பாடம் பண்ணுவதில்லை. துப்பாக்கியை எடுப்பதற்கு முன்னர் மக்நாட்டன் தன் தந்தையிடம் போய் முறையிட்டான். கிளாஸ்கோ நகரப் பொலிசு அதிகாரியிடம் போய் முறையிட்டான். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரிடமும் முறையிட்டான். சிலர் சிரித்தனர், சிலர் சமாதானம் சொல்லி அனுப்பினர். எவரும் அவனை வைத்தியரிடம் சேர்க்கவில்லை. டிறமண்டின் உயிரைக் காத்திருக்கக் கூடியது நீதிமன்றமன்று. அதற்கு முன்னே அவன் தட்டிய அந்தக் கதவுகள்தாம்.

77ஆம் பிரிவு குற்றம் நடந்த பின்னர்தான் பேசும். எங்களுக்கு வேண்டுவது அதற்கு முன்னே பேசும் அறிவு.

குறிகள் யாவை?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகிலே ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவர் இந்நோயோடு வாழ்கின்றனர். சில நூறு குடும்பங்கள் வாழும் ஊர் ஒவ்வொன்றிலும் ஒருவரேனும் இருக்கக்கூடும் என்பது பொருள். பதின்பருவத்தின் கடைசியிலும் இருபதுகளிலும் இது பெரும்பாலும் தொடங்குகிறது. பெண்களுக்குச் சற்றுப் பிந்தி வருவதுண்டு. படிப்பு முடித்து, தொழில் தொடங்கி, குடும்பம் எதிர்பார்த்திருக்கும் காலத்திலேயே வந்து தாக்குகிறது.

முதலாவது குறி, இல்லாத குரலைக் கேட்பது. அவன் கற்பனை செய்து சொல்கிறானல்லன். நீங்கள் என் குரலைக் கேட்பதுபோலவே கேட்கிறான். இரண்டு மூன்று பேர் தன்னைப் பற்றித் தமக்குள்ளே பேசுவதாகக் கேட்கும். தான் செய்வதையெல்லாம் ஒருவர் உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேட்கும். இன்னதைச் செய் என்று கட்டளையிடுவதாகவும் கேட்கும். தனியே இருந்து பேசுவதையும், பேச்சினிடையே செவிசாய்த்து வேறெதையோ கவனிப்பதையும் வீட்டார் காணலாம்.

இரண்டாவது, பிறழ்ந்த நம்பிக்கை. தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது, உணவிலே நஞ்சு இருக்கிறது, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், மனைவி துரோகம் செய்கிறாள் என்றெல்லாம் உறுதி கொள்வது. சான்று காட்டினாலும் அந்த உறுதி தளராது. காட்டிய சான்றும் சதியின் பகுதியாகிவிடும்.

மூன்றாவது, தன் மனத்தின் வேலி உடைந்ததுபோன்ற உணர்வு. தன் நினைவுகளைப் பிறர் அறிகிறார்கள், தன் தலைக்குள்ளே பிறர் நினைவைப் புகுத்துகிறார்கள், தன் கைகால்களை வேறொரு சக்தி ஆட்டுகிறது என்பான்.

நான்காவது, பேச்சின் தொடர் அறுதல். ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் தொடர்பிராது. கேட்டது ஒன்று, விடை வேறொன்றாயிருக்கும். இதனை நோயாளியின் தாய்மொழி அறிந்தவரே சரிவர மதிக்க முடியும். மொழிபெயர்ப்பாளர் உடைந்த பேச்சை ஒட்டவைத்துச் சொல்லிவிடுவார்; நோயில்லாதவனின் தயக்கத்தை நோயாகவும் ஆக்கிவிடுவார். நோயாளி தன் மொழியிலே பேசி, அந்த மொழியிலேயே விளங்கப்படுவது சலுகையன்று, வைத்தியத்தின் தேவை.

ஐந்தாவதை நீங்கள் கூர்ந்து கேட்கவேண்டும். ஏனெனில் இதனையே நாங்கள் நோயென்று நினைப்பதில்லை. கெட்டிக்காரனாயிருந்த பையன் படிப்பை விடுகிறான், நண்பர்களை விடுகிறான், குளிப்பதில்லை, உடை மாற்றுவதில்லை, அறையைச் சாத்திக்கொள்கிறான், சிரிப்பும் அழுகையும் முகத்திலே குன்றுகின்றன, பகலை இரவாக்கி, இரவைப் பகலாக்குகிறான். குரல்களும் சந்தேகங்களும் வெளிப்படுவதற்கு மாதக் கணக்காக, சிலவேளை ஆண்டுக் கணக்காக முன்னரே இவை தோன்றலாம். சோம்பேறி என்று தந்தை ஏசுவார்; காதல் தோல்வி என்று ஊர் சொல்லும். அந்தக் காலமோ வைத்தியத்துக்கு விலைமதிப்பற்ற காலம். வைத்தியமின்றி நாள் நீள நீள, குணமடைதலும் கடினமாகும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஒரு குறியைப் பிடித்துக்கொண்டு எவருக்கும் பட்டம் சூட்டலாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் வகுப்பின்படி இக்குறிகளிற் சில ஒரு மாதமேனும் நிலைத்திருத்தல் வேண்டும். அமெரிக்க வைத்தியர்கள் நோயின் அடையாளங்கள் 6 மாதம் தொடர்தல் வேண்டும் என்பர். பெயர் வைப்பது வைத்தியரின் வேலை. மாற்றத்தைக் கண்டு அழைத்துச் செல்வதே எங்கள் வேலை.

எது அச்சம், எது நோய்?

இங்கே ஓர் ஐயம் எழும். எங்கள் நாட்டிலே பின்தொடரப்பட்டவர்கள் இருக்கவில்லையா? நள்ளிரவிலே வீடு புகுந்து பிடிக்கப்பட்டவர்கள் இருக்கவில்லையா? இருந்தார்கள், இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். ஆகவே “என்னைப் பின்தொடர்கிறார்கள்” என்ற சொல்லைக் கேட்டவுடனே பைத்தியம் என்று தள்ளுவது அறியாமை மாத்திரமன்று, அநீதியுமாகும். கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுன்னாகப் பகுதிக் கிணறுகளிலே எண்ணெய் கலந்திருப்பதாக 2014, 2015ஆம் ஆண்டுகளிலே மக்கள் முறையிட்டபோது, அது மனப்பிராந்தியன்று. உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு.

எனவே, நம்பிக்கை எவ்வளவு விசித்திரமானது என்று மட்டும் பாராதீர்கள். அது நிற்கும் முறையைப் பாருங்கள். சுன்னாகத்து மக்கள் நீரைப் பரிசோதிக்கும்படி கேட்டார்கள். அயலவர்களும் அதே எண்ணெயைக் கண்டார்கள். என் கட்சிக்காரர் கண்ட நஞ்சை வேறெவரும் காணவில்லை. நஞ்சில்லை என்ற அறிக்கையும் அவருக்குச் சதியின் சான்றாயிற்று. உண்மை அச்சம் ஆபத்து நீங்கத் தணியக்கூடும். நோயின் அச்சமோ நாளுக்கு நாள் புதிய ஆட்களை உள்ளே இழுக்கும்: முதலில் அயலவன், பிறகு பரிசோதகன், பிறகு பெற்ற தாய். போரிலே அடிபட்டவர்கள் தாம் கண்டதை மறுபடி காண்பதும், ஓசை கேட்டுத் துணுக்குறுவதும் வேறொரு துன்பம். அதற்கும் வைத்தியம் உண்டு, ஆனால் அது இதுவன்று.

கோயிலிலே உரு வந்து ஆடுபவரையும் இதனோடு சேர்க்கவேண்டாம். பறை ஓய்ந்ததும் அவர் வீட்டுக்கு வந்து மறுநாள் தோட்டத்துக்குப் போகிறார். ஊர் அதனை அறியும். சடங்கு முடிந்தும் முடியாததும், வேலையையும் உறக்கத்தையும் உறவையும் அழிப்பதுமே நோய்.

மேலும், குரல் கேட்பதெல்லாம் உளப்பிளவையும் அன்று. பிள்ளை பெற்ற சில நாட்களிலே தாய்க்கு வரும் சித்தக் கலக்கம் உண்டு; அது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டிய அவசர நிலை. நெடுநாட் குடியைத் திடீரென நிறுத்தியவருக்கு வரலாம், கஞ்சாவினால் வரலாம், காய்ச்சலிலும், மூளை நோயிலும், வலிப்பிலும் வரலாம், மிகுந்த சோர்வும் மிகுந்த எழுச்சியும் மாறிமாறி வரும் நோயிலும் வரலாம். சில கலக்கங்கள் ஒரு மாதத்துக்குள் முற்றாக நீங்குவதுமுண்டு. அதனாலேயே சொல்கிறேன்: முதலில் வைத்தியர், அதன் பின்னரே வேறெவரும்.

செய்யத் தகாதன

நோயாளர் எல்லோரும் கொலைகாரர் என்று என் கதையிலிருந்து எவரும் முடிவு கட்டவேண்டாம். இவர்களுட் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. பிறரால் தாக்கப்படுவோரும் ஏமாற்றப்படுவோருமே மிகுதி. இவர்களால் பிறருக்கு வரும் ஆபத்தைவிட, இவர்களுக்குத் தம்மால் வரும் ஆபத்தே பெரிது: நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கின்றனர். அவ்வாறு முயன்று பிழைத்தவரை வழக்குக்கு அஞ்சி மறைக்கவும் வேண்டாம். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் 1998ஆம் ஆண்டிலே எங்கள் நாட்டில் நீக்கப்பட்டுவிட்டது.

கலியாணம் செய்துவைத்தால் சரியாகும் என்பார்கள். சரியாகாது. மறைத்துச் செய்த கலியாணங்கள் விவாகரத்து வழக்குகளாக வருவதை நான் காண்கிறேன்; அங்கே இரண்டு குடும்பங்கள் அழுகின்றன. கட்டிவைத்தால் அடங்குவான் என்பார்கள். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆந் திகதி, எங்கள் கடலுக்கு அக்கரையிலே, இராமநாதபுரத்து ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகையொன்று தீப்பற்றியபோது, சங்கிலியிலே பிணிக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி எரிந்தார்கள். இறந்தோர் 28 பேர். கோயிலுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நூல் கட்டுங்கள், நேர்த்தி வையுங்கள், வைத்தியரிடமும் போங்கள்.

செய்ய வேண்டியன

அவனோடு வாதாடாதீர்கள். “உண்மைதான், அவன் நஞ்சு வைத்தான்” என்று ஒத்தூதவும் வேண்டாம். அந்தப் பிழையை நான் கடித உறையிலே இட்டு முத்திரை ஒட்டி அனுப்பினேன். “எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை, ஆனால் நீ உறங்காமல் துன்பப்படுகிறாய் என்பது தெரிகிறது. உறக்கத்துக்கு வழி கேட்போம், வா” என்று சொல்லுங்கள். நோய் என்ற சொல்லை ஏற்காதவரும் உறக்கமின்மையை ஏற்பதுண்டு. குரல்கள் கட்டளையிடுகின்றன என்றாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, உண்ணாது விட்டாலோ ஒருநாளும் தாமதிக்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலும் தெல்லிப்பழையிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் அரசாங்க வைத்தியசாலைகளிலே உளநலப் பிரிவுகள் உள்ளன, வைத்தியம் இலவசம். தேசிய உளநல நிறுவகத்தை 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலே அழைக்கலாம்.

மருந்தா என்று அஞ்சுவோர் உளர். 1952ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்து வைத்தியர்கள் குளோர்புரோமசீன் என்ற மருந்தை இந்நோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கினர். அதுவரை ஆயுள் முழுவதும் அடைபட்டுக் கிடந்தோர் பலர் அதன் பின்னர் வீடு திரும்பினர். இன்று அதனினும் பல மருந்துகள் உள்ளன; நாளாந்தம் விழுங்க மறுப்போருக்குச் சில கிழமைகளுக்கொருமுறை ஏற்றும் ஊசியும் உண்டு. உடல் பருத்தல், நடுக்கம், தூக்கம் முதலிய தொல்லைகள் வரக்கூடும். வந்தால் வைத்தியரிடம் சொல்லி மாற்றுங்கள். குணம் கண்டவுடன் தாமாக நிறுத்துவதே நோய் திரும்பி வரும் வழி.

மருந்து பாதி, மறுபாதி ஊரின் கையில் இருக்கிறது. நான்சி வாக்ஸ்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர், இலங்கையிலே இந்நோய் கண்டோரை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்து, 1979ஆம் ஆண்டிலே எழுதினார். செல்வ நாடுகளிலே எதிர்பார்ப்பதைவிட இங்கே நன்றாகக் குணமடைந்தோர் பலர் என்பதையும், குடும்பமும் ஊரும் அவர்களை மறுபடி ஏற்றுக்கொண்டமை அதற்குக் காரணமாகலாம் என்பதையும் அவர் எடுத்துரைத்தார். இது பெருமைப்பட்டு விட்டுவிடும் செய்தியன்று. ஏற்றுக்கொள்ளும் வழக்கத்தை நாங்கள் கைவிட்டால் அந்த நன்மையும் போய்விடும். வைத்தியசாலையிலிருந்து வந்தவனுக்குப் பெயர் சொல்லி அழைப்பாரும், வாய்க்கால் கட்டவும் வெங்காயம் கட்டவும் கூப்பிடுவாரும் வேண்டும்.

என் கட்சிக்காரரைப் பற்றியும் சொல்லி முடிக்கிறேன். சில ஆண்டு வைத்தியத்தின் பின்னர் அவர் ஊர் திரும்பினார். மாதந்தோறும் ஊசி ஏற்றிக்கொண்டு இன்றும் தோட்டம் செய்கிறார். கண்ணிழந்த அயலவர் அவரை மன்னித்தார் என்று கேள்விப்பட்டேன். என்னை மன்னித்தாரோ அறியேன். கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

அன்றுமுதல், எவராவது கொப்பியும் கடதாசியுமாக வந்து அயலவனைப் பற்றி முறையிட்டால், வழக்கைக் கேட்பதற்கு முன்னர் மூன்று கேள்விகள் கேட்கிறேன்: “இரவிலே உறங்குகிறீர்களா? இது எப்போது தொடங்கியது? உங்களைத் தவிர வேறு யார் இதனைக் கண்டார்கள், கேட்டார்கள்?” உடன் வந்த தாயாரையோ மனைவியையோ தனியே இருத்தி, அவர்கள் சொல்வதையும் கேட்கிறேன். இதற்கு வைத்தியப் பட்டம் வேண்டியதில்லை. கிராம அலுவலர்களே, ஆசிரியர்களே, பொலிசு நிலையத்திலே முறைப்பாடு எழுதும் தம்பிமாரே, பூசகர் ஐயாமாரே, உங்களிடமும் அதே கதவை வந்து தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மூன்று கேள்விகளையும் நீங்களும் கேளுங்கள். விடை ஐயத்தைத் தந்தால், அன்றே அவரை அழைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.